இறங்கும் முன் பத்து நிமிடம்: ஆறு, அருவி, கடலில் குளிக்கப் போகிறவர்களுக்கு

விடுமுறை வந்தால் தண்ணீரைத் தேடிக் கிளம்புவது நம் வழக்கம். ஆடி பிறந்தால் காவிரிப் படித்துறை, சாரல் விழுந்தால் குற்றாலம், வெயில் தாங்காவிட்டால் கடற்கரை. ஆண்டு முழுவதும் பக்கெட் தண்ணீரில் குளிக்கிறவர்களுக்கு அது ஒரு பெரிய சந்தோஷம், போகத்தான் வேண்டும். போகிற இடத்துக்குப் புதியவர்களுக்காகவும், நீச்சல் தெரியாதவர்களுக்காகவும், நீச்சல்குளத்தில் மட்டும் நீந்திப் பழகியவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

உங்களுக்கு நீச்சல் தெரியுமா என்பது இரண்டாவது கேள்விதான். இந்த இடத்தில், இன்றைக்கு இறங்கலாமா என்பதுதான் முதல் கேள்வி. அதற்கான பதிலைத் துணி மாற்றுவதற்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள். பாதி நனைந்த பிறகு, அதுவும் நண்பர்கள் உள்ளேயிருந்து கூப்பிடும்போது, யாரும் நிதானமாக யோசிப்பதில்லை.

வீட்டிலேயே செய்ய வேண்டியது

போகிற இடத்துக்கு எங்கிருந்து தண்ணீர் வருகிறது என்று பாருங்கள். நம் ஊர் அருவிகள் எல்லாமே மேலே பெய்கிற மழையைக் கீழே கொட்டுகிறவை. பெரியகுளம் பக்கத்துக் கும்பக்கரை அருவியில் நீங்கள் நிற்கும்போது வெயில் அடித்துக்கொண்டிருக்கும். ஆனால் கொடைக்கானல் மலையில் ஒரு மணி நேரம் மழை அடித்தால் போதும், வெள்ளம் உங்களைத் தேடி வந்துவிடும். அதனால் பெரியகுளத்து வானிலையைப் பார்த்துப் பயனில்லை, மலைமேல் என்ன நிலவரம் என்று பார்க்க வேண்டும். வானிலை ஆய்வு மையம் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று மாவட்டவாரியாக எச்சரிக்கை தருகிறது. ஆரஞ்சு என்றாலே 24 மணி நேரத்தில் 11 சென்டிமீட்டருக்கு மேல் மழை எதிர்பார்க்கிறார்கள் என்று பொருள். அருவி இருக்கும் மாவட்டத்துக்கு ஆரஞ்சு வந்திருந்தால் பயணத்தைத் தள்ளிப் போடுங்கள். மஞ்சளாக இருந்தால் போகலாம், ஆனால் குளிக்க முடியாமல் திரும்பவும் மனதைத் தயார்படுத்திக்கொண்டு போங்கள்.

ஆறு என்றால் அணையைப் பார்க்க வேண்டும். காவிரியில் கர்நாடகத்தில் கிருஷ்ணராஜசாகர், கபினி அணைகளில் திறக்கிற தண்ணீர்தான் ஒகேனக்கல்லுக்கு வருகிறது. நீர்வரத்து கூடினால் அங்கே குளிக்கவும் பரிசல் ஓட்டவும் தடை போட்டுவிடுவார்கள். அதற்குக் கீழே எல்லாம் மேட்டூர்க் கணக்கு. மேட்டூரில் வழக்கமாக ஜூன் 12 அன்று திறக்கும் தண்ணீர் கல்லணைக்கு வந்துசேர மூன்று நான்கு நாள் ஆகும். ஆகவே திருச்சியில் நேற்று முழங்கால் அளவு ஓடிய இடம் இன்றும் அப்படியே இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். செய்தியில் ‘விநாடிக்கு 10,000 கன அடி’ என்று வரும்போது அது வெறும் எண்ணாகக் காதில் விழுந்து போய்விடுகிறது. ஒரு கன அடி 28.3 லிட்டர். 10,000 கன அடி என்றால், நம் தெருவுக்கு வரும் 12,000 லிட்டர் தண்ணீர் லாரிகளில் 23 லாரித் தண்ணீர் ஒவ்வொரு விநாடியும் உங்களைக் கடந்து போகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஓடும் தண்ணீரின் வேகம் இரண்டு மடங்கானால் அது உங்கள் காலைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும். இடுப்பளவுத் தண்ணீர்தானே என்று ஆழத்தை மட்டும் வைத்துக் கணக்குப் போடுகிறவர்கள் சறுக்குவது இங்கேதான். வேகமாக ஓடினால் முழங்கால் அளவே ஓர் ஆளைச் சாய்த்துவிடும்.

பையில் எடுத்துக்கொள்ள வேண்டியவை கொஞ்சம்தான். பதினைந்து, இருபது மீட்டர் நைலான் கயிறு. இறுக்கமாக மூடக்கூடிய காலி பிளாஸ்டிக் கேன் ஒன்று, ஐந்து லிட்டரோ அதற்குப் பெரியதோ. ஒரு விசில், மாற்றுத் துணி. நீச்சல் தெரியாதவர்கள் அடிக்கடி போகிற குடும்பமென்றால் அளவு சரியாக இருக்கும் உயிர்காப்பு உடை வாங்கிவிடுங்கள், குழந்தைகளுக்குக் கால்களுக்கு இடையில் பட்டை கட்டுகிற வகையாக. கடையில் தொங்கும் காற்றடைத்த வளையமும் கை மிதவையும் விளையாட்டுப் பொருள்கள். குழந்தை அதிலிருந்து நழுவிவிடும், காற்று அடித்தால் வளையம் குழந்தையோடு சேர்ந்து ஆழத்துக்குப் போய்விடும்.

வந்து இறங்கியதும்

வண்டியை நிறுத்தியதும் நேராகத் தண்ணீருக்குள் ஓடாதீர்கள். முதல் பத்து நிமிடம் கரையில் நில்லுங்கள். பக்கத்தில் யாராவது இருப்பார்கள்: துணி துவைக்கும் அக்கா, ஆடு மேய்க்கும் தாத்தா, டீக்கடைக்காரர், வலை காய வைக்கும் மீனவர். அவர்களிடம் “இங்கே குளிக்கலாமா?” என்று மட்டும் கேட்டால் “குளிக்கலாம் தம்பி” என்று பதில் வரும். அவர் பழகிய துறை அது, அவருக்கு எல்லாமே குளிக்கிற இடம்தான். கேட்கிற கேள்வி வேறாக இருக்க வேண்டும். “இங்கே தண்ணியில யாராவது செத்துப் போயிருக்காங்களா அண்ணே? எந்த இடத்துல?” என்று கேளுங்கள். உடனே கையை நீட்டிக் காட்டுவார்கள். “அந்தப் பாறைக்கு அந்தாண்ட போகாதீங்க, கசம் இருக்கு” என்பார்கள். கசம் என்றால் ஆழமான பள்ளம். அந்த ஒரு வரி போதும். அடுத்து, ஊர்ப் பிள்ளைகள் எங்கே குளிக்கிறார்கள் என்று கேளுங்கள். அவர்களே ஓர் இடத்தில் இறங்குவதில்லை என்றால் அதற்குக் காரணம் இருக்கும்.

எச்சரிக்கைப் பலகை இருந்தால் படியுங்கள். ‘ஆபத்தான பகுதி’ என்று பொதுவாக எழுதியிருப்பதைவிட, ‘இங்கு இத்தனை பேர் இறந்துள்ளனர்’ என்று கையால் எழுதி வைத்திருக்கும் பலகைக்கு நான் அதிக மரியாதை கொடுப்பேன்.

அப்புறம், இறங்கும் இடத்தைவிட ஏறும் இடத்தை முதலில் தேர்ந்தெடுங்கள். தண்ணீர் திடீரென்று கூடினால் எந்தப் பக்கம் ஓடுவது, இழுத்துக்கொண்டு போனால் கீழே எங்கே கரையேறலாம், இவை இரண்டுக்கும் பதில் இல்லாத இடத்தில் குளிக்க வேண்டாம். கைவிடப்பட்ட கல்குவாரி இதனால்தான் கொல்கிறது. பச்சை நிறத்தில் அசையாமல் இருக்கும், பார்க்க அழகு. ஆனால் சுற்றிலும் செங்குத்தான சுவர், பிடிக்க ஒன்றும் இல்லை, கரையை ஒட்டியே ஆள் உயரத்துக்குப் பல மடங்கு ஆழம். பிளாஸ்டிக் விரிப்புப் போட்ட பண்ணைக்குட்டையும் அப்படியே. விழுந்த குழந்தை அந்த வழுக்கும் சரிவில் ஏறவே முடியாது.

கடைசியாக, இருக்கும் இடத்தின் பெயரைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். 108-க்கு அழைத்தால் அவர்கள் முதலில் கேட்பது அதைத்தான். ‘ஆத்துல, பாலத்துக்குப் பக்கத்துல’ என்றால் ஆம்புலன்ஸ் அலையும். ஊர்ப் பெயர், துறையின் பெயர், பக்கத்துக் கோயில், இவற்றைக் குழுவில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்.

ஆறு

நம் ஆறுகளில் தரை சமமாக இருக்கும் என்ற நம்பிக்கையை விட்டுவிட வேண்டும். கொள்ளிடம், காவிரி, பாலாறு, தென்பெண்ணை என்று மணல் அள்ளிய எல்லா ஆற்றிலும் குழிகள் கிடக்கின்றன. கணுக்கால் அளவு, முழங்கால் அளவு என்று நடந்துகொண்டே போகிறவர் அடுத்த அடியில் காணாமல் போவார். குழியின் ஓரம் பொல பொலவென்று சரியும் மணல், ஊன்றி ஏறவும் முடியாது. மேலே ஓடும் தண்ணீர் கலங்கலாக இருந்தால் குழி கண்ணுக்கே தெரியாது. ‘ஆழம் தெரியாமல் காலை விடாதே’ என்பதை இங்கே அப்படியே எடுத்துக்கொள்ளலாம். கையில் ஒரு நீண்ட கழி வைத்து முன்னால் குத்திப் பார்த்து நடங்கள், குத்திப் பார்த்த பகுதிக்குள்ளேயே குளியுங்கள். தலைகீழாகப் பாய்வது வேண்டவே வேண்டாம். போன வருடம் ஆழமாக இருந்த இடத்தில் இந்த வருடம் மணல் மேடிட்டிருக்கும். கழுத்தெலும்பு உடைந்தால் வாழ்நாள் முழுக்கப் படுக்கைதான்.

தடுப்பணைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பார்க்க அவ்வளவு சாதுவாக இருப்பவை அவைதான். நாலடி, ஐந்தடி உயரத்திலிருந்து தண்ணீர் சீராக வழியும், பிள்ளைகள் அதற்கடியில் நின்று தலையைக் காட்டத் துடிப்பார்கள். தண்ணீர் நிறைய வழியும்போது, விழுகிற தண்ணீர் அடியில் போய், மேலே எழும்பி, திரும்ப அணையின் சுவரை நோக்கியே வரும். அதில் மாட்டியவர் வெளியே தள்ளப்படுவதில்லை. சுவருக்கே இழுக்கப்பட்டு அமுக்கப்படுவார், மேலே வருவார், மறுபடி இழுக்கப்படுவார். ஒரு தேங்காய் மட்டையோ பாட்டிலோ அங்கேயே சுழன்றுகொண்டிருந்தால் அதைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். அணைக்குமேல் தேங்கிய பக்கமும் பாதுகாப்பில்லை. அங்கே வண்டலும் குழியும் ஆழமும் மறைந்திருக்கும். 2022 ஜூன் 5 அன்று கடலூர் மாவட்டத்தில் கெடிலம் ஆற்றுத் தடுப்பணையில் குளிக்கப் போன ஏழு பேர், சிறுமிகளும் இளம்பெண்களும், ஒன்றாக மூழ்கி இறந்தார்கள். சிலர் முதலில் சிக்க, அவர்களைக் காப்பாற்றப் போன மற்றவர்களும் போய்விட்டார்கள்.

வேகமான ஆற்றில் கால் தடுக்கி விழுந்தால் உடனே எழுந்து நிற்கப் பார்க்காதீர்கள். பாறை இடுக்கில் பாதம் மாட்டினால் தண்ணீர் முதுகைத் தள்ளி முகத்தை மூழ்கடித்துவிடும். மல்லாந்து படுங்கள், கால்கள் இரண்டும் தண்ணீர் போகிற திசையில் முன்னால், பாதம் மேற்பரப்பில். பாறை வந்தால் காலால் உதையலாம். அந்த நிலையிலேயே கைகளால் துழாவிக் கரைப்பக்கம் சாய்ந்து போங்கள், தண்ணீர் அடங்கிய இடத்தில் எழுந்திருங்கள்.

ஒகேனக்கல்லில் பரிசல் ஏறுகிறவர்களுக்கு ஒன்றே ஒன்று: உயிர்காப்பு உடையைக் கையில் வாங்கி மடியில் வைத்துக்கொள்வதற்காகத் தருவதில்லை. கொக்கிகள் எல்லாவற்றையும் மாட்டுங்கள், தோளைப் பிடித்து மேலே இழுத்துப் பாருங்கள். காது வரை ஏறினால் அது உங்கள் அளவு இல்லை, மாற்றித் தரச் சொல்லுங்கள்.

அருவி

அருவியில் இரண்டு விதமாக ஆபத்து வரும். சிறியது வழுக்கல். பெரியது வெள்ளம்.

வழுக்கலுக்குப் பாசி ஒரு காரணம், நாம் தேய்த்துக்கொண்டு வரும் எண்ணெயும் சோப்பும் இன்னொரு காரணம். குற்றாலத்தில் எண்ணெய், சோப்பு, ஷாம்புக்குத் தடை இருக்கிறது. தடை இல்லாத இடத்திலும் வேண்டாம், உங்களுக்குப் பின்னால் வருகிற வயதானவர் அதில்தான் கால் வைப்பார். கம்பிக்குள்ளேயே நில்லுங்கள். அருவிக்கு மேலே ஏறிப் போய் ரீல்ஸ் எடுப்பவர்களுக்கு எந்த வழிகாட்டியும் உதவாது, அவர்களை விட்டுவிடுவோம்.

வெள்ளம்தான் பேச வேண்டிய விஷயம். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் கூட்டம் குளித்துக்கொண்டிருந்தபோது திடீரென்று தண்ணீர் பெருகியது. படிகளில் ஏறி ஓடியவர்கள் தப்பித்தார்கள், 17 வயதுப் பையன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்தான். மே மாதம், சீசன்கூடத் தொடங்கவில்லை. மலைமேல் கோடை மழை.

காட்டு வெள்ளம் வருவதற்கு முன் அறிகுறி காட்டும், பார்க்கத் தெரிய வேண்டும். தெளிந்திருந்த தண்ணீர் செம்மண் நிறத்துக்கு மாறும். சருகு, சுள்ளி, நுரை வரும். அருவியின் சத்தம் கனக்கும். ஒரு பாறையை அடையாளம் வைத்துக்கொண்டீர்கள் என்றால், அது கொஞ்சம் கொஞ்சமாக மூழ்குவது தெரியும். சில சமயம் ஓடிக்கொண்டிருந்த தண்ணீர் திடீரென்று குறையவும் செய்யும், மேலே ஏதோ அடைத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். இவற்றில் எது தெரிந்தாலும் செருப்பு, துணி, போன், சோப்புப் பெட்டி எதையும் எடுக்காதீர்கள். பக்கவாட்டில் மேலே ஏறுங்கள். ஓடையின் போக்கிலேயே கீழ்நோக்கி ஓடுவது தவறு, தண்ணீர் உங்களைவிட வேகமாக வரும். நடு ஆற்றுப் பாறையில் நின்றுகொண்டு, கொஞ்சம் பார்க்கலாம் என்று காத்திருந்தால் அங்கேயே மாட்டிக்கொள்வீர்கள்.

இதற்காகவே குழுவில் ஒருவர் குளிக்காமல் மேல்நீரைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும், கையில் விசிலோடு. முறை மாற்றிக்கொள்ளுங்கள். அருவிச் சத்தத்தில் கூப்பிட்டால் கேட்காது. பணியில் இருக்கும் போலீஸோ வனத்துறைக் காவலரோ ஊதினால் வெளியே வந்துவிடுங்கள், காரணத்தை அப்புறம் கேட்டுக்கொள்ளலாம். இடி கேட்டாலும் அப்படியே.

கும்பக்கரை போன்ற இடங்களில் பாறைக்குள் தண்ணீர் குடைந்த ஆழமான குழிகள் உண்டு, கெஜம் என்பார்கள். யானைக் கெஜம், பாம்புக் கெஜம் என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்திருக்கிறார்கள். மேலே பார்த்தால் சின்ன வட்டம், உள்ளே பக்கவாட்டில் அகன்றிருக்கும். அதற்குள் போனவரைத் தேடி எடுப்பது நன்றாக முங்கத் தெரிந்த உள்ளூர் ஆட்களுக்கே சிரமம். வேலி போட்டிருக்கும் பக்கம் தலை வைத்தும் படுக்க வேண்டாம்.

கடல்

நீச்சல் தெரிந்தவர்களையும் கடல் ஏமாற்றுகிறது. அலை கரைக்குக் கொண்டுவரும் தண்ணீர் எப்படியாவது திரும்பிப் போக வேண்டும். சில இடங்களில் அது ஒன்றுகூடி, குறுகலான வாய்க்கால்போலக் கடலுக்குள் ஓடும். இந்த இழுப்பு ஓட்டம் உங்களை அடியில் அமுக்காது, ஆழத்தை நோக்கிக் கொண்டுபோகும். வலுவாக இருக்கும்போது விநாடிக்கு இரண்டு மீட்டர்கூடப் போகும், பதக்கம் வாங்கிய நீச்சல் வீரராலும் அதை எதிர்த்து நெடுநேரம் நீந்த முடியாது.

அதைக் கரையிலிருந்தே அடையாளம் காணலாம். ஆனால் கண் நம்மை ஏமாற்றும். இரண்டு பக்கமும் அலை வெள்ளையாக உடைந்துகொண்டிருக்க, நடுவில் ஒரு பகுதி மட்டும் அலையில்லாமல், கொஞ்சம் கறுத்து, அமைதியாகத் தெரியும். புதிதாக வருகிறவர் ‘இங்கேதான் அலை கம்மி’ என்று குழந்தையோடு அங்கேதான் இறங்குவார். இழுப்பு ஓட்டம் அங்கேதான் இருக்கிறது. நுரையோ கலங்கிய மணலோ கடல் பக்கமாக நகர்ந்துகொண்டிருந்தால் சந்தேகமே வேண்டாம். தூண்டில் வளைவுகள் (கடலரிப்பைத் தடுக்கக் கடலுக்குள் நீட்டிப் போட்ட கல் சுவர்கள்), துறைமுகச் சுவர், முகத்துவாரம், இவற்றை ஒட்டியும் இப்படி இழுக்கும். கொஞ்சம் உயரமான இடத்தில் நின்று பத்து நிமிடம் பார்த்தால் பழகிவிடும்.

சிக்கிக்கொண்டால் கரையை நோக்கி நீந்தாதீர்கள், அதுதான் ஆளைக் களைக்க வைத்து மூழ்கடிக்கிறது. மல்லாந்து மிதந்து மூச்சைச் சீராக்குங்கள், கையைத் தூக்கி ஆட்டுங்கள். தெம்பு இருந்தால் கரைக்கு இணையாக, இடமோ வலமோ நீந்துங்கள். ஓட்டம் குறுகலானது, கொஞ்ச தூரத்தில் விட்டுவிடும். அப்புறம் அலை உடைகிற பகுதி வழியாக, அலையே தள்ளக் கரைக்கு வாருங்கள். நீந்தத் தெம்பில்லை என்றால் மிதந்துகொண்டே இருங்கள். அலை உடைகிற இடம் தாண்டியதும் இழுப்பு பெரும்பாலும் தளர்ந்துவிடும்.

மெரினாவில் கரையை ஒட்டியே தரை சட்டென்று இறங்குகிறது, அலையும் ஆள் காலடியிலேயே ஓங்கி உடைகிறது. முழங்காலுக்கு மேல் அங்கே போகவே வேண்டாம் என்பது என் கருத்து. போலீஸ் துரத்துவது உங்களைத் தொந்தரவு செய்வதற்காக இல்லை. திருச்செந்தூரில் கடல் உள்வாங்கும் நாட்களில் பாசி படிந்த பாறைகள் வெளியே தெரியும், அவற்றில் ஏறிப் படம் எடுக்கிறவர்கள் வழுக்கி விழுகிறார்கள். நீராடும்போது கரையோரத்திலேயே, ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு முங்கி எழுங்கள்.

காற்றே இல்லாத, வானம் தெளிந்த நாளிலும் கடல் பொங்கும். தெற்கு இந்தியப் பெருங்கடலில் எங்கோ அடித்த புயலின் அலைகள் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடந்து நம் கரைக்கு வரும்போது அப்படி நடக்கிறது. கள்ளக்கடல் என்று பெயர். 2024 மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் இறந்தது அப்படியொரு எச்சரிக்கை அமலில் இருந்த நாளில்தான். ஹைதராபாத்தில் இருக்கும் இந்தியப் பெருங்கடல் தகவல் மையம் இந்த எச்சரிக்கையை முன்கூட்டியே தருகிறது, செய்திகளிலும் வருகிறது. செய்தி பார்க்காவிட்டாலும் ஒரு வழி உண்டு: மீனவர்கள் படகுகளை மேடான இடத்துக்கு இழுத்து வைத்திருந்தால் நீங்களும் மேட்டிலேயே இருங்கள்.

யார் யாரைப் பார்ப்பது

கூட்டமாகப் போகும்போது ‘எல்லோரும் பார்த்துக்கொள்கிறோம்’ என்றால் யாரும் பார்க்கவில்லை என்று பொருள். ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு பெரியவர் என்று பெயர் சொல்லிப் பிரித்துவிடுங்கள். “செல்வி, அரை மணி நேரம் அஸ்வின் உன் பொறுப்பு” என்று சொல்லி, செல்வி சரி என்று சொல்ல வேண்டும். பொறுப்பெடுத்தவர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், போன் பார்க்கக் கூடாது. பெரியவர்கள் இரண்டிரண்டு பேராகச் சேர்ந்துகொள்ளுங்கள்.

குடித்திருந்தால் குளியல் இல்லை. இதில் பேச்சுக்கு இடமே கிடையாது, ‘ஒரு பீர்தானே’ என்பதும் குடிதான். புடவை, லுங்கி, ஜீன்ஸ் மூன்றும் தண்ணீரில் காலைச் சுற்றும், கனக்கும். பெண்கள் சுடிதாரை விடப் பொருத்தமான கால்சட்டையும் டி-ஷர்ட்டும் போட்டு இறங்குவது நல்லது. யாராவது ஏதாவது சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும். பொழுது சாய்ந்த பிறகு இறங்காதீர்கள். ஆற்றில் செருப்பு போனால் போகட்டும் என்று விடப் பழகுங்கள், அதைப் பிடிக்கப் போய்ப் போனவர்கள் நிறைய.

ஒருவர் மூழ்கும்போது

சினிமாவில் மூழ்குகிறவர் கத்துவார், கையை ஆட்டுவார். உண்மையில் பெரும்பாலும் சத்தமே வராது. மூச்சு விடவே வாய் போதாத நேரத்தில் கத்த முடியாது. தலை பின்னால் சாய்ந்து, வாய் தண்ணீர் மட்டத்தில் இருக்கும், முழுகும், வெளியே வரும். கைகள் இரண்டும் பக்கவாட்டில் தண்ணீரை அமுக்கும், உடம்பு நிமிர்ந்து நிற்கும், கால் உதைக்காது. ஏணியில் ஏற முயல்வதுபோல இருக்கும். இது இருபது விநாடி முதல் ஒரு நிமிடம்தான். சிரித்து விளையாடிக்கொண்டிருந்த பிள்ளை திடீரென்று அமைதியானால் உடனே பாருங்கள்.

பயிற்சி இல்லாதவர் காப்பாற்றக் குதிக்கக் கூடாது. கேட்கக் கொடுமையாக இருக்கும், ஆனால் கெடிலத்தில் நடந்தது அதுதான். மூழ்குகிறவர் வேண்டுமென்று இழுப்பதில்லை, கைக்கு எட்டியதில் ஏறி மூச்சு வாங்கப் பார்ப்பார். எட்டுவது உங்கள் தோளாக இருக்கும்.

கரையிலிருந்தே செய்ய முடிவதைச் செய்யுங்கள். பக்கத்தில் என்றால் குப்புறப் படுத்துக் கழியையோ துடுப்பையோ நீட்டுங்கள், நின்றபடி நீட்டினால் உங்களையே இழுத்துவிடும். தொலைவு என்றால் மிதக்கிற எதையும் எறியுங்கள். மூடி இறுக்கிய 20 லிட்டர் குடிநீர்க் கேன் காலியாக இருந்தால் ஒரு பெரிய ஆளை மிதக்க வைக்கும். கயிற்றில் கட்டி எறிந்தால் இன்னும் நல்லது. ஆளின் தலைக்கு அந்தப் பக்கம் விழும்படி எறிந்து, இழுத்துக் கைக்குக் கொண்டுவாருங்கள். எட்டு முழ வேட்டி மூன்றரை மீட்டருக்கு மேல், புடவை ஐந்தரை மீட்டர். இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டால் ஏறக்குறைய ஒன்பது மீட்டர் கயிறு.

இது ஏட்டுச் சுரைக்காய் இல்லை. 2020 ஆகஸ்டில் பெரம்பலூர் மாவட்டம் கொட்டரையில் மருதையாற்று நீர்த்தேக்கத்தில் நான்கு இளைஞர்கள் மூழ்கினார்கள். அங்கே இருந்த செந்தமிழ்ச்செல்வி, சுந்தரபாள், முத்தம்மாள் மூன்று பேரும் தாங்கள் உடுத்தியிருந்த புடவைகளை அவிழ்த்து, முடிந்து, வீசினார்கள். இரண்டு பேரைக் கரையேற்றினார்கள். அரசு அவர்களுக்குக் கல்பனா சாவ்லா விருது கொடுத்தது.

இதற்கிடையே வேறொருவர் 108-க்கும், தீயணைப்பு மீட்புத் துறையின் 101-க்கும் அழைக்கட்டும். கடலோரமாக இருந்தால் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093. சத்தம் போட்டு ஊர் ஆட்களைக் கூப்பிடுங்கள், எல்லாருக்கும் முன்னால் வருகிறவர்கள் அவர்கள்தான். இன்னொருவர், ஆள் கடைசியாகத் தெரிந்த இடத்திலிருந்து கண்ணை எடுக்காமல் கையை நீட்டிக்கொண்டே நிற்கட்டும். தேடுகிறவர்களுக்கு அது பெரிய உதவி.

கரையேற்றிய பிறகு

தலைகீழாகத் தொங்கவிட்டுச் சுற்றுவது, வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பது, இரண்டும் வேண்டாம். வயிற்றிலிருந்து வருவது நுரையீரலுக்குள் போய்விடும், அந்த நேரமும் வீண். அவருக்கு இப்போது தேவை காற்று.

கெட்டியான தரையில் மல்லாக்கப் படுக்க வையுங்கள். கூப்பிட்டுப் பாருங்கள், மார்பு அசைகிறதா என்று பத்து விநாடிக்குள் பார்த்துவிடுங்கள். மூச்சு இல்லையென்றால் நெற்றியைப் பின்னால் சாய்த்து, தாடையைத் தூக்கி, மூக்கை மூடி, வாயோடு வாய் வைத்து ஐந்து முறை ஊதுங்கள். ஒவ்வொன்றும் ஒரு விநாடி, மார்பு எழும்ப வேண்டும். பிறகு மார்பின் நடுவில் உள்ளங்கை அடியை வைத்து, மறுகையை அதன்மேல் வைத்து, முழங்கை மடங்காமல் 30 முறை அமுக்குங்கள். பெரியவர்களுக்கு ஐந்து சென்டிமீட்டருக்குக் குறையாத ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 என்ற வேகம். மறுபடி இரண்டு ஊதல், மறுபடி 30. குழந்தைக்கு மார்பின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு ஆழம், ஒரு கை போதும். வாயிலிருந்து நுரை வந்துகொண்டே இருந்தால் துடைத்துக்கொண்டிருக்காமல் தொடருங்கள். வாந்தி வந்தால் ஒரு பக்கம் திருப்பி, வழித்துவிட்டுத் தொடருங்கள். ஆம்புலன்ஸ்காரர்கள் வந்து பொறுப்பெடுக்கும் வரை நிறுத்தாதீர்கள், களைத்தால் ஆள் மாறிக்கொள்ளுங்கள். இதைப் படித்து மட்டும் கைக்கு வராது, ஒரு முறை முதலுதவிப் பயிற்சிக்குப் போய் பொம்மையில் அமுக்கிப் பாருங்கள்.

மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வைத்து, ஈரத்துணியை மாற்றிப் போர்த்துங்கள். எழுந்து உட்கார்ந்து “ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருக்கேன்” என்று சொன்னாலும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய்விடுங்கள். நுரையீரலுக்குள் தண்ணீர் போயிருந்தால் அடுத்த சில மணி நேரத்தில் இருமல், மூச்சு வாங்குதல், குழப்பம், அதீத அசதி வரலாம். டாக்டரிடம் எவ்வளவு நேரம் தண்ணீருக்குள் இருந்தார், நினைவு தப்பியதா, மூச்சு ஊதினீர்களா, பாறையில் தலையோ கழுத்தோ அடிபட்டதா என்பதைச் சொல்லுங்கள். டாக்டர் வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லும் வரை கூடவே ஒருவர் இருங்கள்.